விமானி முதல் பிரதமர் வரை: ராஜீவ் காந்தியின் வாழ்க்கையும் பூந்தமல்லி நீதிமன்றத்தில் பேசிய தடயங்களும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். நாட்டையே உலுக்கிய ஒரு கொலை வழக்கின் விசாரணை இந்த ஊரில்தான் பல ஆண்டுகள் நடந்தது என்பது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலை வழக்குதான் அது.

ராஜீவுக்கும் பூந்தமல்லிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் போரூரிலும் பூந்தமல்லியிலும் நின்று மக்களிடம் பேசிவிட்டுத்தான் அவர் கிளம்பினார். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தத் தூரத்தைக் கடந்த கொஞ்ச நேரத்தில் அவர் உயிரோடு இல்லை.

யார் இந்த ராஜீவ் காந்தி? அவரைக் கொன்றது யார் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தடய அறிவியல் அதில் எவ்வளவு தூரம் உதவியது, எந்த இடத்தில் நின்றுபோனது? விரிவாகப் பார்க்கலாம்.

அரசியலே வேண்டாம் என்றிருந்த மூத்த மகன்

1944 ஆகஸ்ட் 20 அன்று பம்பாயில் பிறந்தவர் ராஜீவ். அம்மா இந்திரா, அப்பா பெரோஸ் காந்தி, தாத்தா ஜவாஹர்லால் நேரு. மூன்று வயது ஆவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது நாடு விடுதலை அடைந்தது, தாத்தா பிரதமரானார். டேராடூனில் டூன் பள்ளிப் படிப்பு. பிறகு இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் பொறியியல் படித்தார். இரண்டு இடத்திலும் பட்டம் வாங்கவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்தபோதுதான் இத்தாலியைச் சேர்ந்த சோனியாவைச் சந்தித்தார். 1968-இல் டெல்லியில் திருமணம்.

அவருக்குப் பிடித்தது வானமும் இயந்திரங்களும். டெல்லி பிளையிங் கிளப்பில் பயிற்சி எடுத்து, இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாகச் சேர்ந்தார். பிரதமர் வீட்டுப் பிள்ளை என்றாலும் மாதச் சம்பளக்காரர். ஓய்வு நேரத்தில் கையில் கேமரா இருக்கும். படம் எடுப்பதில் அவ்வளவு ஆர்வம். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியிலும் ஈடுபாடு உண்டு. வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி. கேமரா, வயர்லெஸ் இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கொலை வழக்கில் துப்புக் கொடுத்தவற்றில் இவை இரண்டும் முக்கியமானவை.

அரசியல் வாரிசாக இருந்தவர் தம்பி சஞ்சய். 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் சிறிய விமானம் ஒன்றை ஓட்டியபோது அது விழுந்து சஞ்சய் இறந்தார். அம்மாவுக்குத் துணையாக யாராவது வேண்டும் என்ற நெருக்கடி மூத்தவர் பக்கம் திரும்பியது. சோனியாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் விமானி வேலையை விட்டுவிட்டு, 1981-இல் தம்பியின் தொகுதியான அமேதியில் இடைத்தேர்தலில் நின்று எம்.பி. ஆனார் ராஜீவ்.

40 வயதில் பிரதமர்

1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தியை அவருடைய பாதுகாவலர்களே சுட்டுக் கொன்றார்கள். மேற்கு வங்கத்தில் பிரசாரத்தில் இருந்த ராஜீவ் டெல்லிக்குத் திரும்பினார். அன்று மாலையே பிரதமராகப் பதவியேற்றார். வயது 40. இந்தியாவில் இவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை.

அடுத்த சில நாள்களில் டெல்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதைத் தடுக்க அரசு தவறியதும், பிறகு அதைப் பற்றி ராஜீவ் பேசிய விதமும் இன்றுவரை அவர் மீதான பெரும் விமர்சனம். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் 400-க்கும் அதிகமான இடங்களில் வென்றது. அதற்கு முன்பும் பின்பும் எந்தக் கட்சியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

ஐந்து ஆண்டு ஆட்சியில் கட்சித் தாவல் தடைச் சட்டம், 18 வயதில் வாக்குரிமை, நவோதயா பள்ளிகள், கிராமங்கள்வரை போன தொலைபேசி என்று நினைவில் நிற்பவை பல. ஷா பானு வழக்குத் தீர்ப்பை மாற்றிய சட்டமும், போபர்ஸ் பீரங்கி ஊழல் புகாரும் அவர் பெயரைக் கெடுத்தன. 1989 தேர்தலில் காங்கிரஸ் 197 இடங்களோடு ஆட்சியை இழந்தது.

இதே ஆட்சியில் 1985-இல் வந்த இன்னொரு சட்டம் தடா. பயங்கரவாதத் தடுப்புக்கான சட்டம். சாதாரணமாக ஒரு காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1987-இல் புதிதாக இயற்றப்பட்ட தடா சட்டத்தில், காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் வாக்குமூலம் செல்லும். தன் ஆட்சி கொண்டுவந்த சட்டத்தின் கீழ் தன் கொலை வழக்கே ஒருநாள் விசாரிக்கப்படும் என்று ராஜீவ் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இலங்கை முடிச்சு

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இலங்கை அதிபர் ஜெயவர்தனேவுடன் ராஜீவ் ஓர் ஒப்பந்தம் செய்தார். தமிழர் பகுதிகளுக்கு அதிகாரப் பகிர்வு, போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பது, கண்காணிக்க இந்திய அமைதிப்படை என்பது ஏற்பாடு. மறுநாளே அணிவகுப்பு மரியாதையின்போது சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். அவர் சட்டென்று குனிந்ததால் தப்பினார்.

சில வாரங்களில் எல்லாம் தலைகீழானது. காக்கப் போன படை விடுதலைப் புலிகளோடு போரிட்டது. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்கள் உயிரிழந்தனர். ஈழத் தமிழ் மக்களில் ஏராளமானோர் மாண்டார்கள். படையினர் மீதும் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. வி.பி.சிங் ஆட்சியில், 1990 மார்ச்சில் கடைசி வீரரும் திரும்பினார். ராஜீவ் மறுபடி பிரதமரானால் படையும் மறுபடி வரும் என்று புலிகளின் தலைமை அஞ்சியதே கொலைக்கான காரணம் என்பதுதான் பிறகு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வைத்த வாதம்.

கடைசிப் பயணம்

1991-இல் நாடு மீண்டும் தேர்தலைச் சந்தித்தது. தமிழகத்தில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. ராஜீவ் பிரதமராக இல்லாததால் எஸ்.பி.ஜி. பாதுகாப்பும் இல்லை. மக்களை விட்டு விலகி நின்றதுதான் 1989 தோல்விக்குக் காரணம் என்று அவரும் கட்சியினரும் நினைத்தார்கள். அதனால் கூட்டத்துக்குள் இறங்கி நடப்பது, கை கொடுப்பது, மாலை வாங்கிக்கொள்வது என்று பிரசார பாணியே மாறியிருந்தது.

மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் விமானத்தில் கோளாறு. பயணம் ரத்தாகும் நிலை. கோளாறு சரியானதும் விமானத்தை அவரே ஓட்டிக்கொண்டு இரவு எட்டரை மணி வாக்கில் மீனம்பாக்கம் வந்து இறங்கினார். போரூர், பூந்தமல்லி கூட்டங்களை முடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தார். காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காக நடந்த கூட்டம் அது.

இந்திரா சிலைக்கு மாலை போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தார். சிவப்புக் கம்பளத்தில் நடந்தபடி வரிசையில் நின்றவர்களிடம் மாலை வாங்கினார். ஒரு சிறுமி கவிதை வாசித்தாள். அவள் அருகே சந்தன மாலையோடு ஒரு பெண் நின்றாள். நெருங்க முயன்ற கூட்டத்தைப் பெண் காவலர் ஒருவர் தடுத்தபோது, எல்லோரும் வரட்டும் என்பதுபோல ராஜீவ் அவரைச் சமாதானப்படுத்தினார். மாலை போட்ட அந்தப் பெண் காலைத் தொடுவதுபோலக் குனிந்தாள். அடுத்த நொடி வெடித்தது.

ராஜீவும் காவலர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டவர்களும் மாண்டார்கள். புகை அடங்கியதும் மூப்பனாரும் ஜெயந்தி நடராஜனும் தேடினார்கள். ராஜீவின் உடலை அடையாளம் காண உதவியவற்றில் ஒன்று, அவர் காலில் இருந்த விளையாட்டுக் காலணி.

முதல் கேள்வி: குண்டு எங்கே இருந்தது?

அந்த இரவில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. கம்பளத்துக்கு அடியில் புதைத்தார்களா? பூக்கூடையில் வைத்தார்களா? மாலைக்குள் இருந்ததா? தூரத்திலிருந்து ரிமோட்டில் இயக்கினார்களா? ஆளுக்கு ஒரு கதை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வந்தவர் பேராசிரியர் பி.சந்திரசேகரன். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர். மதராஸ் மாகாணத்தில் 1849-இல் இரசாயனப் பரிசோதகர் அலுவலகமாகத் தொடங்கிய துறை அது. விஷம் வைத்துக் கொன்றார்களா என்று பார்க்க ஏற்பட்ட அமைப்பு, இந்தியாவின் மிகப் பழைய தடயவியல் ஆய்வகங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது.

வெடித்த இடத்தை எப்படிப் படிப்பார்கள்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மண்ணுக்குள் புதைத்த குண்டு வெடித்தால் ஆழமான பள்ளம் விழும். அங்கே அப்படி ஒரு பள்ளம் இல்லை. ஆக, தரைக்கு மேலே வெடித்திருக்கிறது. எவ்வளவு உயரத்தில் என்பதை உடல்கள் சொல்லும். வெடிமருந்தும் எஃகுச் சிறு குண்டுகளும் நாலா பக்கமும் சிதறும்போது, யாருக்கு எந்தப் பக்கம், எந்த உயரத்தில் காயம் என்று குறித்துக்கொண்டே வந்தால், எல்லாக் கோடுகளும் ஓர் இடத்தில் போய்ச் சேரும். அந்த இடம்தான் வெடிப்பின் மையம்.

கூடவே, மைதானத்தில் கிடந்த ஒவ்வொரு துணுக்கையும் பொறுக்கினார்கள். வயர் துண்டு, சுவிட்ச், பேட்டரியின் மிச்சம், கருகிய துணி. அந்தத் துணிகளில் ஒரு வகை தனியாகத் தெரிந்தது. நீல நிற டெனிம். இடுப்பில் கட்டும் பெல்ட் மாதிரி தைத்து, ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த துணி. சோதனையில் வெடிமருந்து ஆர்.டி.எக்ஸ். என்று தெரிந்தது.

உடலே சொன்ன சாட்சி

இன்னொரு உண்மை பிணங்களுக்கு நடுவே இருந்தது. ஒரு பெண்ணின் தலை, கை, கால்கள் தனித்தனியாகக் கிடைத்தன. நடு உடலைக் காணோம். குண்டுக்கு அருகில் நின்ற மற்றவர்களுக்குப் பயங்கரக் காயங்கள் இருந்தாலும் உடல் இருந்தது. ஒருவருக்கு மட்டும் நடு உடல் சிதறிப் போகிறது என்றால், குண்டு அவர் உடம்போடு ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

சந்திரசேகரன் வந்து சேர்ந்த முடிவு அன்று பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது. குண்டு வைக்கப்படவில்லை, வீசப்படவில்லை. ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். மனித வெடிகுண்டு என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புழங்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஊகம் நீதிமன்றத்தில் நிற்காது. பெல்ட் துணியில் ஒட்டியிருந்த சதையும் அந்தப் பெண்ணின் உடல் பாகங்களும் ஒருவருடையதுதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு மரபணுச் சோதனை. பிரிட்டனில் அலெக் ஜெப்ரீஸ் அந்த முறையைக் கண்டுபிடித்து அப்போது ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இந்தியாவில் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் அதை உருவாக்கியிருந்தார். ராஜீவ் வழக்கின் மாதிரிகளும் அங்கே போயின. பெல்ட்டைக் கட்டியிருந்தவளும் சிதறிய அந்தப் பெண்ணும் ஒருவரே என்பது உறுதியானது. அவள் தணு என்ற பெயரில் அறியப்பட்டவள்.

பத்துப் படங்கள்

இறந்தவர்களில் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரும் ஒருவர். அவர் உடலோடு கிடந்த கேமரா பெரிய சேதமில்லாமல் இருந்தது. ஃபிலிமைக் கழுவினால் பத்துப் படங்கள்.

சந்தன மாலையோடு, கண்ணாடி அணிந்து, சல்வார் கமீஸில் நிற்கும் ஒரு பெண். பக்கத்தில் கவிதை வாசிக்க வந்த சிறுமியும் அவள் தாயும். சற்றுத் தள்ளி வெள்ளைக் குர்தா பைஜாமாவில், நிருபர் மாதிரிக் கையில் குறிப்பேட்டோடு ஓர் ஆள். கடைசிப் படத்தில் வெடிப்பின் நெருப்பு.

கொலையைப் படம் பிடித்துவரச் சதிகாரர்களே அவரை அனுப்பியிருந்தார்கள் என்று புலனாய்வு சொன்னது. அவர்களுக்கு வேண்டிய ஆவணம் அவர்களுக்கே எதிரான சாட்சி ஆனது. மாலை வைத்திருந்த பெண்ணின் முகமும் மைதானத்தில் கிடைத்த தலையும் ஒத்துப்போயின. அவள் அணிந்திருந்த துணியும் அங்கே பொறுக்கிய துணித் துண்டுகளும் பொருந்தின. குர்தா போட்ட ஆள் நிருபரே அல்ல, எந்தப் பத்திரிகைக்கும் அவரைத் தெரியவில்லை. அவர்தான் ஒற்றைக்கண் சிவராசன், சதியைக் களத்தில் நடத்தியவர்.

ஒரு ரசீது

தடயவியல் என்றாலே நுண்ணோக்கியும் சோதனைக் குழாயும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சில நேரம் ஒரு சின்னக் கடைச் சீட்டே போதும். ஹரிபாபுவின் வீட்டைச் சோதனை போட்டபோது, தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் சந்தன மாலை வாங்கியதற்கான ரசீது கிடைத்தது.

இப்போது சங்கிலியைக் கோத்துப் பாருங்கள். ரசீதில் ஒரு சந்தன மாலை. படத்தில் அதே மாதிரி மாலை ஒரு பெண்ணின் கையில். மைதானத்தில் மாலையின் சிதறல்கள். அந்தப் பெண்ணின் சதை குண்டு பெல்ட்டில். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணம். நான்கும் சேர்ந்தால், தற்செயலாக நின்ற புகைப்படக்காரர் என்று ஹரிபாபுவை இனிச் சொல்ல முடியாது. தொடுகிற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று ஒட்டும் அல்லது உதிரும் என்பது பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் லோக்கார் வகுத்த அடிப்படை. 1910-இல் லியோன் நகரில் தடயவியல் ஆய்வகம் தொடங்கியவர் அவர். ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது அந்தப் பாடத்தின் செய்முறை.

வயர்லெஸ்ஸில் பிடிபட்டது

டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையில் சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. சென்னை கிரீன்வேஸ் சாலையில் மல்லிகை என்ற கட்டடம் அதன் அலுவலகம். படங்களில் இருந்த முகங்களை வைத்து ஒவ்வொருவராகத் தேடினார்கள். ஜூன் 11 அன்று பேரறிவாளன், ஜூன் 14 அன்று நளினியும் முருகனும் கைதானார்கள். மே 7 அன்று சென்னையில் வி.பி.சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் இதே குழு ஒத்திகை பார்த்ததும் தெரியவந்தது.

சிவராசன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய சங்கேத வயர்லெஸ் செய்திகளை உளவு அமைப்புகள் பிடித்து, குறியீட்டை உடைத்துப் படித்தன. தேடுதல் வலை இறுகியது. கடைசியில் பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே போனபோது சிவராசன் உட்பட ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள். அன்று 1991 ஆகஸ்ட் 20. ராஜீவ் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 47-வது பிறந்தநாள்.

உயிரோடு பிடித்திருந்தால் சிவராசன் சொல்லியிருக்கக்கூடிய விவரங்கள் அவரோடு போயின. குண்டு பெல்ட்டைச் செய்தது யார் என்பது அதில் ஒன்று. அதற்கான பதில் வழக்கு முடியும்வரை கிடைக்கவில்லை.

பூந்தமல்லியில் 26 பேர்

1992 மே மாதம் குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள். பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா மூவரும் பிடிபடவில்லை. மீதி 26 பேர் மீது பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. பலத்த காவலோடு, பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் இல்லாத மூடிய விசாரணை. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள், ஆயிரத்துக்கும் அதிகமான ஆவணங்கள், ஆயிரத்துக்கும் அதிகமான பொருள்கள்.

1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் தீர்ப்பளித்தார். 26 பேருக்கும் தூக்கு. ஒருவர்கூட விடுபடவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1999 மே 11 அன்று வந்த தீர்ப்பு அந்த எண்ணிக்கையைப் புரட்டிப் போட்டது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கு மட்டும் தூக்கு உறுதியானது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கு ஆயுள். மீதி 19 பேர் கொலைச் சதியில் குற்றவாளிகள் அல்ல என்று விடுபட்டார்கள். இது தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயலே அல்ல, ஒருவரைக் கொல்லத் திட்டமிட்ட சதி என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. இது சட்ட அறிஞர்கள் இன்றும் விவாதிக்கும் புள்ளி.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆய்வகம் சொன்னது எதுவும் மேல்முறையீட்டில் தள்ளுபடி ஆகவில்லை. குண்டு எப்படி வெடித்தது, யார் கட்டி வந்தது, யார் உடனிருந்தது என்ற சித்திரம் அப்படியே நின்றது. மாறியது வேறு. யாருக்கு அந்தச் சதி தெரியும், யார் தெரியாமல் வீடு கொடுத்தார், யார் உறவினர் என்பதால் சிக்கினார் என்ற கேள்விகள்தான். அதற்கு மரபணுச் சோதனையில் பதில் கிடையாது.

ஒரு பேட்டரி என்ன சொல்லும்?

இதற்குப் பேரறிவாளன் வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கி சிவராசனிடம் கொடுத்தார், அது குண்டில் பயன்பட்டது என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. வெடித்த இடத்தில் பேட்டரியின் மிச்சம் கிடைத்தது. பேட்டரியால்தான் குண்டு இயங்கியது என்று ஆய்வகம் சொல்லிவிடும். எதற்காக வாங்கச் சொல்கிறார்கள் என்று வாங்கியவருக்குத் தெரியுமா என்பதைப் பேட்டரி சொல்லாது.

அந்த இடைவெளியை நிரப்பியது வாக்குமூலம். அதைப் பதிவு செய்த காவல் அதிகாரி தியாகராஜன், பல ஆண்டுகள் கழித்து 2013-இல் ஓர் உண்மையை வெளியே சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் கூறியதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். நாடே அதிர்ந்தது. ஒரு வாக்கியம் காகிதத்தில் ஏறாமல் போனதன் விலை, அந்த இளைஞரின் கழுத்துக்கு மேல் பல ஆண்டுகள் தொங்கிய கயிறு.

நளினியின் தூக்கு 2000-இல் ஆயுளானது. மற்ற மூவரின் தண்டனையை, கருணை மனுக்கள் மீது முடிவெடுக்க நேர்ந்த நீண்ட தாமதத்தைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குறைத்தது. 2022 மே 18 அன்று, 31 ஆண்டு சிறைக்குப் பிறகு பேரறிவாளன் விடுதலையானார். அதே ஆண்டு நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள். விடுதலை என்பதால் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு வந்ததாகப் பொருளில்லை. அன்று உயிரிழந்த காவலர்களின் குடும்பத்தினர் பலருக்கு இந்த விடுதலை பெரும் வேதனை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியும்.

இந்த வழக்கு விட்டுச் சென்றது என்ன?

ராஜீவ் இறந்தபின் எஸ்.பி.ஜி. சட்டம் திருத்தப்பட்டு, முன்னாள் பிரதமர்களுக்கும் பாதுகாப்பு தரப்பட்டது. வர்மா ஆணையம் பாதுகாப்புக் குறைபாடுகளையும், ஜெயின் ஆணையம் சதியின் பின்னணியையும் விசாரித்தன. தலைவர்களுக்கு நேராக யாரும் மாலை போடும் வழக்கம் குறைந்தது. சாதாரணத் தொண்டர்கூட மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்டித்தான் மேடைப் பக்கம் போக முடியும் என்றானது.

புலனாய்விலும் மாற்றம் வந்தது. பெரிய சம்பவம் நடந்தால் முதலில் கயிறு கட்டி இடத்தைக் காப்பது, பொருள்களைத் தனித்தனியாக உறையில் போட்டு முத்திரை வைப்பது, எது யார் கைக்குப் போனது என்று எழுதுவது ஆகியவற்றின் அருமை புரிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆய்வகங்களும் ஆட்களும் பெருகினால்தான் அது காகிதத்தில் நிற்காமல் களத்துக்கு வரும்.

வானத்தில் இருக்க ஆசைப்பட்டு, வேறு வழியில்லாமல் அரசியலுக்கு வந்து, 46 வயதில் ஒரு சிற்றூர் மைதானத்தில் வாழ்க்கை முடிந்தவர் ராஜீவ். அவரை யார், எப்படிக் கொன்றார்கள் என்பதற்கு டெனிம் துணியும் ஃபிலிம் சுருளும் ஒரு கடைச் சீட்டும் பதில் சொல்லிவிட்டன. யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கேள்விக்கு மட்டும் மனிதர்கள்தான் பதில் எழுத வேண்டியிருந்தது. பூந்தமல்லியில் 26 ஆக இருந்த தூக்குத் தண்டனை, டெல்லியில் நான்காகி, கடைசியில் ஒன்றுகூட நிறைவேறாமல் போனது அந்தப் பதிலை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சாட்சி.